கை எட்டும் தூரம்

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்க வீட்ல இருந்தா—"

"முதல்ல என்னையத் தூக்கி வேன்ல வையி, சண்டையப் போற வழியில—"

"—வானம் இடிஞ்சா விழுந்துரும்? முதுகுல புண்ணு இன்னும் ஆறலைங்க, டாக்டரம்மா என்ன சொன்னாங்க—"

"—போட்டுக்கலாம். என் முதுகு, என் புண்ணு. எனக்கே வலிக்கல, உனக்கு எங்க வலிக்குது?"

"அப்படிப் பேசாதீங்க மாமா."

"பின்ன எப்படிப் பேசறது? வருசம் பூரா ஓட்டிப்போட்டு, கடைசிப் பந்தயத்தன்னிக்கு என்னைய வீட்ல உக்காந்து வத்தலுக்குக் காவல் இருக்கச் சொல்றே."

செவ்வந்தி குனிந்தாள். கணவர் குணசீலனின் கைகளுக்கடியில் தன் கைகளைக் கொடுத்து, மார்போடு சேர்த்து, ஒரே மூச்சில் சக்கர நாற்காலியிலிருந்து வேனின் இருக்கைக்கு மாற்றினாள். ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவான மனிதர். அவளோ ஐந்தடி ஒரு அங்குலம். எட்டு வருசப் பழக்கத்தில் அந்த வித்தியாசம் இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

"இடது கையைப் பார்த்துத் தூக்கு" என்றார் அவர்.

"ஏன், இடது கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

எட்டு வருசத்துக்கு முன்னால், பைக் பந்தயத்தில் வண்டி அவரைத் தூக்கி எறிந்ததில் முதுகெலும்பு போயிற்று. மார்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மார்புக்கு மேலே இருப்பதெல்லாம் பழைய குணசீலன்தான்: தோள், கை, கழுத்து, வாய். முக்கியமாக வாய்.

ஜோடி சூட் வந்தது மூன்று வருசத்துக்கு முன்னால். அதைச் செய்த நிறுவனம் ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது. களத்தில் எல்லோருக்கும் அது ஜோடி சூட். இரண்டு தோல் உடைகள். இரண்டின் உள்துணியிலும் தசைநாரைப் போலச் சுருங்கி விரிகிற நூல்கள். வண்டியில் இருப்பவர் தோளைச் சாய்த்தால் களத்தின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தோளை நூல் இழுக்கும். உட்கார்ந்திருப்பவர் சாய்த்தால் வண்டியில் இருப்பவரை இழுக்கும். அடிபட்டு ஓட்ட முடியாமல் போனவர்கள், ஓட்டுகிறவர்களோடு சேர்ந்து கலந்துகொள்வதற்கென்றே ஒரு பந்தயப் பிரிவும் உண்டாயிற்று. ஒரு பந்தயம் பதினெட்டு நிமிடம்.

"மத்த நேரமெல்லாம் உக்காந்திருக்கறேன். அந்தப் பதினெட்டு நிமிசந்தான் எங்கயாச்சும் போறேன்" என்பார் குணசீலன்.

அதனால்தான் செவ்வந்தியால் அவரிடம் ஒன்றைச் சொல்ல முடியவில்லை. அவரிடமிருந்து தனக்கு வருகிற லைனை அவள் தை மாதத்திலேயே மூடிவிட்டாள். ஆறு மாதமாக அவர் சாய்வது எதுவும் அவளுக்கு வந்து சேரவில்லை. அவளுடைய அசைவு மட்டும் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அது போதும், அவருக்கு ஓட்டுவது போலவே இருக்கும் என்று நினைத்திருந்தாள். அவரும் ரேடியோவில் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தார்.

நேற்று மாலை பந்தயச் சங்கத்திலிருந்து செய்தி வந்தது. இறுதிப் பந்தயத்துக்கு முன்னால் எல்லா ஜோடிகளையும் சோதிப்பார்களாம். இரண்டு பக்க லைனும் வேலை செய்ய வேண்டுமாம். அவர் வீட்டில் இருந்துவிட்டால் உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுத்து, சோதனை இல்லாமலே விலகிவிடலாம் என்றுதான் காலையிலிருந்து இந்தச் சண்டை.

வேன் பாலக்காட்டுச் சாலையைப் பிடித்தது. ஆடிக்காற்று கணவாயிலிருந்து வந்து வேனைப் பக்கவாட்டில் தள்ளியது.

"காத்தைப் பாத்தியா? ட்ராக்குல, நேர் ரோட்டுல இடப்பக்கமா தள்ளும். நான் தோளைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் வச்சுக்கறேன், நீ பயப்படாதே" என்றார் குணசீலன்.

"சரிங்க மாமா" என்றாள் செவ்வந்தி.

*

ஜெசிந்தாதான் அவர்களுக்குச் சூட் பொருத்துகிறவள். பந்தய உடையும் பந்தய வண்டியும் உடம்புக்கு ஒத்துப்போகச் செய்வது அவள் தொழில்: இருக்கை உயரம், கால் வைக்கிற கட்டையின் இடம், ஹேண்டில்பார் எட்டுகிற தூரம். களத்தில் அவளைத் தையல்காரி என்று கூப்பிடுவார்கள். அவளும் காதில் ஒரு பென்சிலோடுதான் திரிவாள்.

"திறந்துடு" என்றாள் செவ்வந்தி, வண்டிகளைத் தயார்செய்கிற பிட் கொட்டகையின் பின்பக்கம் அவளை இழுத்துப் போய்.

"எதை?"

"அவர்கிட்டயிருந்து வர்ற லைனை. சோதனைக்கு முன்னாடி திறந்துடு."

"கிறுக்கா உனக்கு? கையக் காட்டு." ஜெசிந்தா அவள் இடது கையுறையைக் கழற்றி மணிக்கட்டைத் திருப்பினாள். பட்டையாகத் துணிச்சுற்று, அதற்கு மேலேயும் வீக்கம் தெரிந்தது. "ஆறு மாசமா மூடி வச்சும் இது இன்னும் வடியல. இன்னிக்குப் பதினெட்டு நிமிசம் அண்ணன் இழுத்தா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாது உனக்கு. நம்ம ட்ராக்குல பத்து வளைவுல ஏழு வலப்பக்கம். அண்ணன் தோளையும் தலையையும் வலப்பக்கம் வெளிய கொண்டுபோய்த் தொங்கவிட்டாலும், அவரோட இடது கை டேங்குக்கு மேல தொளதொளன்னு கிடக்கும். அவ்வளவு நீளம் அந்தக் கை. அதே சாய்வை உனக்குக் குடுத்தா உன் இடது கை விறைச்சுக்குது. ஹேண்டில்பாரை நீ பிடிக்கல செவ்வந்தி, அதுல தொங்கறே. வண்டி ஆடற ஆட்டமெல்லாம் மணிக்கட்டுல வந்து விழுது."

"வளைவுக்கு வெளிப்பக்கத் தொடையால டேங்கை இறுக்கிக்கிறேன். கையில பாரம் விழாது."

"தொடை தாங்கும். ஆனா தோளை அவரு இழுக்கறாரே? தொடைக்கும் தோளுக்கும் நடுவுல நீ கிழிஞ்சுதான் போவே." ஜெசிந்தா பென்சிலை எடுத்துக் கையில் உருட்டினாள். "தப்பு என்மேலதான். முத நாளு அளவெடுக்கறப்ப, யாரு உடம்பை அடிப்படையா வைக்கறதுன்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே மூச்சுல அவரோடதுன்னீங்க. நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும்."

"அன்னிக்கு அவரு மொகத்தைப் பாத்தியல்ல? அஞ்சு வருசம் கழிச்சு அன்னிக்குத்தான் சிரிச்சாரு. யாரு வேண்டாம்னு சொல்லுவா?"

"சரி, தனிப் பிரிவுல ஓட்டச் சொல்லி ஒரு டீமு கூப்பிட்டாங்களே. போயிருக்கலாமில்ல?"

"போனா அவரு எங்க போவாரு?"

ஜெசிந்தா சூட்டுகளை இயக்குகிற கைப்பலகையை எடுத்தாள். அதன் திரையில் எதையோ தட்டினாள்.

"திறந்தாச்சு. மாதா காப்பாத்தட்டும். நான் அண்ணன்கிட்டச் சொல்லிடறேன்."

"சொன்னே, உன்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

*

சோதிக்க வந்தவர் ஃபெரோஸ் என்கிற பெரியவர். காக்கிப் பை ஒன்றை மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். ஸ்டாண்டில் நிறுத்திய வண்டிமேல் செவ்வந்தி உட்கார்ந்தாள். குணசீலன் தன் நாற்காலியில். நாற்காலியின் முன்னால் நிஜ வண்டியிலிருந்து கழற்றிய ஒரு ஹேண்டில்பார் பொருத்தியிருந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு துணித்திரையைக் கட்டினார்கள்.

"சார்கிட்ட ஒவ்வொரு அட்டையாக் காட்டுவேன். அதுல இருக்கற மாதிரி அவர் தோளையும் கையையும் அசைப்பார். மேடம், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா விட்டுடுங்க. வர்றது வரட்டும்" என்றார் ஃபெரோஸ்.

செவ்வந்தி மூச்சை இழுத்துப் பிடித்தாள். இடது மணிக்கட்டை மனசாலேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பழைய இழுப்பு வரும். நீளமான, பெரிய, கொஞ்சம் முரட்டுத்தனமான தோள். ஆறு மாதம் கழித்து வரப்போகிறது. வலிக்கும் என்று தெரிந்தும், அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒன்றும் வரவில்லை.

"முதல் அட்டை முடிஞ்சுது. மேடத்துக்கு வந்துச்சா?"

"இல்லீங்க."

"ரெண்டாவது?"

"இல்லீங்களே."

மூன்றாவதும் வரவில்லை. செவ்வந்தி திரும்பி ஜெசிந்தாவை முறைத்தாள். ஜெசிந்தா கைப்பலகையைத் தூக்கிக் காட்டி, திறந்துதான் இருக்கிறது, சத்தியமாக, என்று உதடசைத்தாள்.

"கருவியில பழுதுங்களா?" என்று கேட்டார் ஃபெரோஸ்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குணசீலனின் குரல் வந்தது. "பழுதெல்லாம் இல்லீங்க பாய். அவ பக்கம் சரியாத்தான் இருக்கும். நாந்தான் நிறுத்தி வச்சிருக்கறேன். நாற்காலிக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்குது பாருங்க."

ஜெசிந்தாவின் கையிலிருந்து பென்சில் விழுந்தது.

ஃபெரோஸ் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபது நிமிசம் இருக்கு. அதுக்குள்ள ரெண்டு லைனும் ஓடணும். இல்லேன்னா எழுதித்தான் ஆகணும், என்னை ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றவர், அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டார். "நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன். நல்ல சூடா இருந்தா மெதுவாத்தான் குடிப்பேன்."

*

திரையைச் செவ்வந்தியே அவிழ்த்தாள்.

"எப்பலிருந்து?"

"பங்குனிப் பந்தயம்."

"ஏனுங்க மாமா?"

"தும்மினேன்."

"என்னது?"

"மயில் நிக்குமே, அந்த வளைவு. நீ முழுசாச் சாஞ்சிருக்கறே, முட்டி தரையில உரசுது, எனக்குத் தும்மல் வந்துருச்சு. ஒண்ணு இல்ல, ரெண்டு. தோள் ரெண்டும் காது வரைக்கும் குதிச்சுது. செத்தா செவ்வந்தின்னு கண்ணை மூடிட்டேன். தொறந்து பாத்தா நீ பாட்டுக்கு வளைஞ்சு போயிட்டிருக்கறே." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "எப்படியோ தப்பிச்சேன்னு நினைச்சேன். அன்னிக்கே சுவிட்சை நிறுத்திட்டேன். ஒரு தும்மலுக்கு உன்னையக் குடுக்க முடியுமா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வைகாசிப் பந்தயம் முடியட்டும்னு இருந்தேன். முடிச்சுட்டு வந்து ஹெல்மெட்டைக் கழட்டி, நீ என்ன சொன்னே? 'இன்னிக்கு உங்க தோள் மட்டும் இல்லேன்னா மூணாவது வளைவுல விழுந்திருப்பேனுங்க'ன்னே."

செவ்வந்திக்கு முகம் சிவந்துவிட்டது. ஜெசிந்தா வேறு பக்கம் திரும்பி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பை அடக்கினாள்.

"அப்பத் தெரிஞ்சுது. நான் அனுப்பவே இல்ல, இவளுக்கு எங்கிருந்து வரும்னு. நீ எப்பவோ மூடிட்டேன்னு தெரிஞ்சுது."

"அப்ப ரேடியோவுல ஏன் அந்தக் கத்துக் கத்தினீங்க? தோளை இறக்கு, கன்னத்தைக் கைக்குப் பக்கத்துல கொண்டுவா, பிடியைத் தளர்த்து, சூடான டம்ளரைப் பிடிக்கற மாதிரி பிடின்னு?"

"நான் கத்தலேன்னா உனக்குச் சந்தேகம் வருமில்ல? நீ எனக்காக நடிச்சுட்டிருக்கறே. அதைக் கெடுப்பனா?"

"அட கடவுளே" என்றாள் ஜெசிந்தா.

"நீ குறுக்க வராதே தையக்காரி." குணசீலன் மறுபடி மனைவி பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "கண்ணு, நீ மூடினது தப்புன்னு நான் சொல்லல. என்னைய மிஞ்சிட்டே. நாலு மாசமா உன் உடம்பு என் தோள்ல வந்து விழுதில்ல, எனக்குத் தெரியாதா? நீ இடுப்பை நான் அந்தக் காலத்துல நகர்த்தினதுக்கு முன்னாடியே நகர்த்திக்கறே. தோளை நான் தொங்கவிடற அளவுக்குத் தொங்கவிடறதில்ல. பாதிதான். அதுவே போதுமாயிருக்குது உனக்கு. இப்படியும் போலாமான்னு நான் நாற்காலியில உக்காந்து ஆச்சரியப்பட்டுட்டு இருக்கறேன். அதான், மிஞ்சினவளுக்கு எதுக்கு எந்தொல்லைன்னு..."

"மிஞ்சறதாவது" என்றாள் செவ்வந்தி. இடது கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"அண்ணா, அவ மிஞ்சறதுக்காக மூடல" என்றாள் ஜெசிந்தா.

"ஜெசி!"

"என்கூடப் பேசாட்டிப் போ. அண்ணா, அவ கையப் பாருங்க."

அவர் கையை நீட்டினார். செவ்வந்தி தரவில்லை. நீட்டிய கையை அவர் மடக்கவும் இல்லை. வெளியே ஏதோ ஒரு வண்டியை முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஏறி இறங்கியது. பிறகு அவள் அவருக்கு முன்னால் மண்டியிட்டு, இடது கையை அவர் மடியில் வைத்தாள். மடிக்கு உணர்ச்சியில்லை என்பதால், அவர் அதைத் தூக்கித் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

துணிச்சுற்றை அவிழ்த்தார். வீங்கிய இடத்தைக் கட்டைவிரலால் தொட்டார். பிறகு மணிக்கட்டிலிருந்து தோள்வரை தன் சாணால் அளந்தார்.

"ரெண்டு சாண்" என்றார். தன் கையை, அதே போல, மறுகையால் அளந்தார். "எனக்கு ரெண்டரைக்கு மேல போகுது. நாலு அங்குலம் இருக்குமா ஜெசி?"

"நாலே கால்."

"அந்த நாலே கால் அங்குலத்துக்கும் இவ மணிக்கட்டா?"

ஜெசிந்தா தலையை ஆட்டினாள்.

"மூணு வருசமா இவளுக்கு நான் சொல்லிக் குடுக்கறேன்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றார் குணசீலன். "கையத் தளர்த்து, கையத் தளர்த்துன்னு கத்துவேன். கத்திக்கிட்டே நாந்தான் இழுத்துட்டு இருந்திருக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாதுல்ல மாமா."

"என்னையத் தூக்கித் தூக்கித்தான் இடது கை சுளுக்கிக்கிச்சுன்னு நினைச்சேன். நீ சொன்னாத்தானே தெரியும்!"

"சொன்னா நீங்க சூட்டையே கழட்டிப் போட்டிருப்பீங்க."

"ஆமா. போட்டிருப்பேன்."

"அதான் சொல்லல."

அவர் அவள் தலையில் கை வைத்தார். ஹெல்மெட்டுக்காக இறுக்கிப் பின்னிய ஜடையில் அவர் விரல்கள் நின்றன. டீக்கடைப் பக்கம் ஃபெரோஸ் இரண்டாவது டம்ளரை வாங்குவது தெரிந்தது.

"ஜெசி, அடிப்படையை மாத்த முடியுமா?"

"மாத்தலாம். அஞ்சு நிமிச வேலை. ஆனா யோசிச்சுக்கங்க. அவ உடம்பு அடிப்படைன்னு வச்சா, உங்க சூட்டு உங்களை அவ அளவுக்கு மடக்கும். தோள் குறுகணும், கை உள்ள வரணும். ஹேண்டில்பாரையும் கிட்டக் கொண்டு வரணும். இறுக்கும் அண்ணா. அவளோட சாய்வுக்குள்ளதான் நீங்க அசைய முடியும். உங்க ஸ்டைல் மொத்தமும் போயிடும். அந்தப் பழைய குணசீலன் சாய்வு, அதைப் பார்க்கத்தானே அந்தக் காலத்துல ஜனம் கம்பி வேலிக்கு வந்து நின்னுது..."

"ஜனத்தை விடு. தும்மினா?"

"அவ அளவுக்குள்ளதானே போகும். பெருசா ஒண்ணும் பண்ணிடாது."

"வேண்டாம் மாமா" என்றாள் செவ்வந்தி. "உங்களுக்கு மிச்சம் இருக்கறதே தோளு ஒண்ணுதான். அதையும் ஏன் குறுக்கிக்கிட்டு? நான் விலகிக்கறேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் ரூல் மாறிடுமா? நீ தனியா ஓட்டிக்குவே, நல்லாவும் ஓட்டுவே. எனக்குத்தான் வேற வண்டி கிடையாது. நான் வர்றேங்கறேன். உன் அளவுல வர்றேங்கறேன். கூட்டிட்டுப் போறியா, மாட்டியா?"

செவ்வந்தி எழுந்தாள். கீழே கிடந்த பென்சிலை எடுத்து ஜெசிந்தாவின் காதில் செருகினாள்.

"மாத்து" என்றாள்.

ஜெசிந்தா நாற்காலியின் ஹேண்டில்பாரைத் தளர்த்தி நாலே கால் அங்குலம் உள்ளே தள்ளி முடுக்கினாள். நாற்காலிக்கு அடியிலிருந்த சுவிட்சைப் போட்டு, கைப்பலகையில் எதையோ தட்டினாள். குணசீலனின் சூட் ஒரு பெருமூச்சு விட்டதுபோலச் சுருங்கியது. அவருடைய அகன்ற தோள்கள் மெல்ல மெல்ல உள்ளே வந்தன. முழங்கைகள் விலாவோடு ஒட்டின. கழுத்து முன்னே வந்தது. பல்லைக் கடித்தார்.

"ஏனுங்க, முடியுதுங்களா?"

"ம்." மூச்சைச் சரிசெய்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "ஸ்கூல் யூனிபாரத்துக்குள்ள பூந்த மாதிரி இருக்குது. இவ்வளவு சின்னவளா நீ? இதுக்குள்ள இருந்துக்கிட்டா என்னையத் தினமும் வேன்ல தூக்கி வச்சே?"

அதற்குச் செவ்வந்தி சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபெரோஸ் வந்து, திரையை மறுபடி கட்டச் சொன்னார். முதல் அட்டை. செவ்வந்தி மணிக்கட்டை இறுக்கிக்கொள்ள மறந்துவிட்டாள். வலது தோளில் ஒரு சின்ன அழுத்தம் வந்தது. நெரிசலில் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து, இடிக்காமல், தோளோடு தோள் நிற்பதுபோல. தோள் தானாக இறங்கியது. இடது கை டேங்குக்கு மேல் தளர்ந்து கிடந்தது.

"வலது தோள்ங்க" என்றாள்.

"சரி. அடுத்தது?"

"தலை. இடப்பக்கம்."

"அதுவும் சரி" என்று ஃபெரோஸ் கையெழுத்துப் போட்டார். "இவ்வளவு மெதுவா அசைச்சா மத்த ஜோடிக்கெல்லாம் தெரியவே தெரியாது மேடம். உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"தெரியுதுங்க" என்றாள் செவ்வந்தி.

*

பதினொரு வண்டிகள். அவளுக்கு இரண்டாவது வரிசையில் நடுவிடம். காற்று ட்ராக்கின் குறுக்கே சருகுகளை ஓட்டிக்கொண்டு போயிற்று. செவ்வந்தி இடது பாதத்தைத் தரையில் ஊன்றி, வலது முன்பாதத்தைக் கட்டையில் வைத்து, முட்டிகளால் டேங்கைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ திறந்திருந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் அவர் பேசிக்கொண்டே இருப்பார்: பக்கத்து வண்டிக்காரனின் டயரைப் பற்றி, அவன் அப்பனைப் பற்றி, முதல் வளைவில் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்பது பற்றி. இன்று மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. இறுக்கத்துக்குள்ளிருந்து வருகிற, சின்னச் சின்ன மூச்சு.

கிளம்பச் சொல்கிற சிவப்பு விளக்குகள் அணைந்தன.

வண்டிகள் கிளம்பின. நேர்ச்சாலையில் காற்று இடப்பக்கமாகத் தள்ளியது. அவள் எதிர்ப்பக்கம் தோளைக் கொடுத்தாள். அரை நொடி கழித்து, அவள் தோளோடு இன்னொரு தோள் வந்து சேர்ந்துகொண்டது. அது இழுக்கவில்லை. அவள் எவ்வளவு கொடுத்தாளோ அவ்வளவே கொடுத்தது.

முதல் வளைவின் பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. முன்னால் நான்கு வண்டிகள். அவள் பிரேக்கைத் தொட்டாள், தொடைகளால் டேங்கை இறுக்கினாள், இடுப்பை இருக்கையின் வலது ஓரத்துக்கு நகர்த்தினாள். அந்த அசைவுக்குப் பின்னாலேயே, காதில் ரேடியோ வழியாக, மூன்று வருசத்தில் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் அவர் கேட்டார்:

"செவ்வந்தி, வளைவு வருது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"